மோட்டார் போடுவதற்கு முன்

ஆந்திரப் பக்கத்து நாராயணவனத்தில் அடிக்கிற வெயிலுக்கு மாமரத்து நிழலே மரத்தடியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோடை விடுமுறையின் முதல் நாள். கணக்கு வாத்தியார் கோதண்டன் அரை டிராயரோடு கிணற்றுச் சுவர் மேல் நிற்கிறார். வருஷமெல்லாம் கரும்பலகையில் கிணறு வரைந்து ஆழம் கேட்டவருக்கு உள்ளங்கால் குறுகுறுக்கிறது. கீழே பச்சைத் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம். கரண்டு வந்ததும் தோட்டக்காரர் கங்கையா வாழைக்கு மோட்டார் போட்டுவிடுவார். தண்ணீர் இறங்கிப் பாறை தெரிந்துவிட்டால் இன்றைக்குக் குதிக்க முடியாது. "அய்யே, எவ்ளோ நேரம் நின்னுகினு இருப்பீங்க? குதிச்சா குதிங்க, இல்லன்னா வந்து சோறு துன்னுங்க!" என்கிறாள் மனைவி சுகுணா. மோட்டார் ஷெட்டில் பல்பு எரிகிறது. "சாரூ, கரண்டு வந்துடுச்சி! போட்டுடவா?" என்று கங்கையா கத்துகிறார். "ஒக்க நிமிஷம் நைனா!" என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, காற்றில் கிளம்புகிறார். தொம்! எழும்பிய தண்ணீர் சுவரைத் தாண்டி வாய்க்காலில் விழுந்து, கடைசி வாழை வரைக்கும் நிதானமாகப் போய்ச் சேருகிறது. கங்கையா ஸ்டார்ட்டரிலிருந்து கையை எடுத்துக்கொள்கிறார். "இன்னிக்கி வாழைக்குப் போதும் சாரூ. நாளைக்கி மாந்தோப்புக்குப் பாய்ச்சணும், வெள்ளனே வந்துடுங்க."