சொல்லாமல் வந்தவர்களுக்கு ஆப்பிள்

பூமியின் தென்கோடியில் எங்களுக்கு ஏப்ரல்தான் இலையுதிர்காலம்; அந்த வெயில் சமையலறை ஜன்னலில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் மனைவி எடெல்மிராவின் தங்கை மகன் நிபால்தோ, தெமுகோ நகரத்திலிருந்து ஒரு ஹேசல்நட் கம்பெனிக்காரனைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிவந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் நாலு பத்திரத் தாள். தோட்டம் எடெல்மிரா பெயரில் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால், ஹேசல்நட் கொட்டை மரம் நட எங்கள் ஆப்பிள் மரம் இருபத்தேழும் வேரோடு போகும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அது தெரிந்துதான் பயல் தாளை என் பக்கம் திருப்பவே இல்லை. அவளோ விறகடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து வெண்ணெயை உருக்குகிறாள். ஆப்பிளைத் தோலோடு நறுக்கிப் போடுகிறாள். சர்க்கரை விழுந்ததும் சட்டி சீறுகிறது. வறுத்த கோதுமை மாவை மேலே தூவுகிறாள். எங்கள் பக்கத்தில் எவன் வந்தாலும் இனிப்புக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். அதை நம்பித்தான் வந்திருக்கிறான்கள்.

"திருட்டுப் பயலுக்கு வெண்ணெய் வேறயா?" என்கிறேன்.

"கத்தாதீங்க பெரியப்பா, பிரஷர் ஏறிடும்," என்று நிபால்தோ இளிக்கிறான். "பெரியம்மா, வாசனை ஆளைத் தூக்குது. முதல்ல ஒரு கையெழுத்து, அப்புறம் நிம்மதியாச் சாப்பிடலாம்."

அவள் துணியால் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, அந்த நாலு தாளின் மேல் அழுத்தி வைக்கிறாள். தாள் பழுப்பேறிப் புகைகிறது.

"ஐயோ பெரியம்மா, பத்திரம்!"

"அடியில ஏதாச்சும் வைக்காட்டி மேசை கருகிடும்டா," என்று கரண்டியை நீட்டுகிறாள். "ஆறுறதுக்குள்ள சாப்பிட்டுக் கிளம்புங்க."