ஐஸ்கிரீம் சோடாவும் மூணு மணி பஸ்ஸும்

“மூணு மணி பஸ்ஸுக்கு நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம்!”

சசிரேகா துணிப்பையை வாசற்படியில் தொப்பென்று வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அம்மா வீடு குப்பனூரில். இவர்கள் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து மலை இறங்கினால் வந்துவிடும்.

“மூணு மணி பஸ்ஸு உன்னை விட்டுட்டுப் போயிடாது சசி. ஒரு வாய் குடிச்சுட்டுப் போவியாம், இரு,” என்று அடுப்படியிலிருந்து கெஞ்சினான் யுவராஜ்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத புருஷன். வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்று மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். மாம்பழத்தை நறுக்குகிறானா, கையை நறுக்குகிறானா என்று சொல்வது கஷ்டம்.

விஷயம் இதுதான். நேற்று ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி. நாலு மணிக்கு ஏரிக்கரைக்கு வந்து, பழமெல்லாம் போட்டு ஐஸ்கிரீம் மிதக்கும் சோடா வாங்கித் தருவதாகச் சத்தியம் பண்ணியிருந்தான். அவளும் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றாள். ஆறு மணிக்கு வந்தான். வந்தவன் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். குடையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவளுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. கடைசியில் ஷேர் ஜீப்பில் யார் மடியிலோ பாதி உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள்.

“அந்தக் கூட்டத்துல உன்னைப் பாக்கவே இல்ல. சாமி சத்தியமா!”

“பொண்டாட்டி தெரியாத கண்ணு எதுக்குங்க?”

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பன்னீர் சோடா பாட்டிலைத் திறந்தான்.

பலாப்பழ மூட்டையோடு அதே ஊர்க்காரி வெள்ளையம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

“வாங்கக்கா. நீங்களும் மூணு மணி பஸ்ஸுக்கா?”

“ஆமா கண்ணு. குப்பனூர்ல ஒரு விசேஷம். என்ன, மூஞ்சி இப்பிடி இருக்குது?”

சசிரேகா சொன்னாள். சொல்லச் சொல்ல மூக்கு சிவந்தது. வெள்ளையம்மாள் முழுசாகக் கேட்டுவிட்டு, மூட்டையிலிருந்து வெடித்த பழம் ஒன்றை எடுத்துப் பிளந்தாள்.

“தம்பி, இந்தாங்க, நாலு சுளை. இதையும் அரிஞ்சு போடுங்க. பாவம் புள்ள, நொம்ப நொந்து கெடக்குது.”

ஜேசுதாஸ் பெரியவர் வந்தார். சேலத்தில் மகளுக்குக் கொடுக்க வைத்திருந்த கொய்யாவில் இரண்டை நீட்டினார். யுவராஜோடு வேலை பார்க்கிற டோமினிக், எஸ்டேட் கணக்குப்பிள்ளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு ஓடிவந்தான்.

“உருகறதுக்குள்ள போடு, மாப்ள! சீக்கிரம்!”

வாசலில் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. சசிரேகாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பிழைக்க வந்த ஊர் என்று நினைத்தோமே, தன் குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டுமென்று எத்தனை பேருக்கு இத்தனை அக்கறை! ஆனாலும் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தால் நாளைக்கு மரியாதை இருக்குமா? போகவும் மனசில்லை, போகவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பையின் காதைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே ‘புஸ்’ஸென்று ஒரு சத்தம்.

“ஐயையோ!”

எட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் நிறைய ஐஸ்கிரீமை அமுக்கி வைத்து, அதன் தலையில் சோடாவைக் கவிழ்த்திருந்தான் அந்த மகராசன். நுரை பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

“மொதல்ல பழம்! அப்புறம் சோடா, டம்ளரைச் சாய்ச்சு மெதுவா! ஐஸ்கிரீம் கடைசியிலீங்க! இதுகூடத் தெரியாதா?”

“பேசிட்டா!” என்றார் ஜேசுதாஸ். வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னபடியே செய்தான். அடியில் மாம்பழம், பலா, கொய்யா. மேலே இளஞ்சிவப்புச் சோடா. அதற்கும் மேலே ஐஸ்கிரீம் ஆடி ஆடி மிதந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“தப்புத்தான் சசி. நேத்து நீ நின்னதை நெனைச்சு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.”

கண் உண்மையிலேயே சிவந்திருந்தது. அவளுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். அடுத்த ஸ்பூனை அவன் வாயில் வைத்தாள்.

“மெதுவா சாப்பிடு,” என்றான் அவன்.

“சீக்கிரம் சாப்பிடு கண்ணு, உருகிடும்,” என்றாள் வெள்ளையம்மாள்.

அடியில் ஒட்டியிருந்த கடைசிப் பலாத்துண்டையும் வழித்துத் தின்றுவிட்டு, சசிரேகா எழுந்து பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

“அப்பாடா!” வெள்ளையம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். “ஏனுங்க டிரைவர் தம்பி, ஊட்டுக்காரி சமாதானமாயிட்டா. மணி மூணே முக்கால் ஆச்சு. இனியாச்சும் பஸ்ஸை எடுக்கறீங்களா?”

காக்கிச் சட்டையை மாட்டியபடியே யுவராஜ் திருப்பத்தில் நின்ற பஸ்ஸை நோக்கி ஓட, பின்னாலேயே டோமினிக் விசிலை ஊத, “அடுத்த தடவ நான் குடையை ஆட்டினா, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் பஸ்ஸை நிறுத்தோணும், ஆமா!” என்று வாசலில் நின்று கத்தினாள் சசிரேகா.