சித்தப்பா போட்ட மேப்

அக்கா, சித்தப்பா குரூப்ல ஒரு மேப் போட்டிருக்காரு.

நீ பாத்திருக்க மாட்ட. நீதான் குரூப்ப மியூட்ல போட்டுட்டு புண்ணியவதியா இருக்கியே.

நான் வேலை இடைவேளையில லாக்கர் ரூம்ல, ஒரு கால்ல மட்டும் ஷூ போட்டுக்கிட்டு உக்காந்து இத வாய்ஸ் மெசேஜா சொல்லிட்டு இருக்கேன். நீளமா இருக்குன்னு தாண்டிப் போயிடாத.

அம்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு மார்புல வர்ற கேன்சர் எந்த ஊர்ல எவ்வளவுன்னு காட்டுற உலக மேப் அது. அதிகமா வந்தா கருஞ்சிவப்பு. நான் இப்ப இருக்குற இந்த நாடு ரத்தம் கொட்டின மாதிரி இருக்கு. நம்ம பக்கம் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளை.

கீழ சித்தப்பாவோட கண்டுபிடிப்பு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறாங்களாம், அதனால அவங்களுக்கு இதெல்லாம் வராதாம்.

வாழ்க்கை பூரா தண்ணி மோட்டார் வித்த மனுஷன். சோஃபால சாஞ்ச வாக்குல, சித்தி குனிஞ்சு நிமிந்து கொண்டாந்து குடுத்த காபிய குடிச்சுக்கிட்டே உலகத்துக்குப் பதில் சொல்லிட்டாரு.

மாமாங்க எல்லாரும் கைதட்டியாச்சு. அத்தைங்க ஒருத்தரும் வாயத் திறக்கல. பாவம், குனியற நேரமோ என்னவோ.

காலைல அவரோட ஆராய்ச்சி எலி. அவர் வீட்டு எலி எல்லாம் பக்கத்து வீட்டுலேர்ந்துதான் வருதாம். அவரோடது மூலை வீடுல்ல, ஒரு பக்கம் ரோடு, எதிர்ல ஸ்கூல் சுவரு, மிச்சம் இருக்குறது அந்தப் பூட்டுன வீடு மட்டும்தான். அந்த வீட்டு அம்மா ஊர விட்டுப் பையன்கூட இருக்கப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் எலிக்கு அவங்கதான் பொறுப்பு.

ஆனா அவங்க வாசல் கேட்டு மட்டும் இவருக்கு வேணும். காரை அதை ஒட்டித்தான் நிறுத்துவாரு. நான் கெளம்பி வந்த அன்னிக்குக் கூட, ஏன் அங்க நிறுத்துறீங்கன்னு கேட்டேன், சிரிச்சாரு. "அங்கேர்ந்து யாரு வெளிய வரப்போறா?"

சரி, மேப்புக்கு வர்றேன்.

எங்க சூப்பர்வைசர் அம்மாவுக்கு வயசு அம்பதுக்கு மேல. டெஸ்டுக்கு வாங்கன்னு அவங்களுக்கு ஆஸ்பத்திரிலேர்ந்தே கூப்பிடுறாங்க. முடி வெட்டிக்கப் போற மாதிரி போனாங்க, வந்தாங்க, ஒரு ஆப்பிளக் கடிச்சுக்கிட்டே எங்கள விரட்ட ஆரம்பிச்சுட்டாங்க. இங்க தேடிப் பாக்குறாங்க, கிடைக்குது, கணக்குல வருது, சிவப்பு அடிக்கிறாங்க.

நம்ம பக்கம் நெசமாவே கொஞ்சம் கம்மியாவும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் பார்சல் பிரிக்கிறவ. ஆனா அக்கா, பாக்காம விட்டவங்களுக்கும் அதே வெள்ளை பெயிண்டுதான்.

வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கலையே. 'மேப் பிரமாதம் சித்தப்பா, நம்ம சித்தி கடைசியா எப்ப டெஸ்ட் எடுத்தாங்க'ன்னு குரூப்லயே கேட்டுட்டேன்.

உடனே வந்துச்சு பதில். "உங்க சித்தி ஒரு நாள் தலைவலின்னு படுத்ததில்ல. அவ இரும்பும்மா, இரும்பு."

கூடவே புஜத்த மடக்கிக் காட்டுற கை. சித்தியோட கை இல்ல, மஞ்சக் கலர்ல ஒன்னு.

இரும்பு துருப் பிடிக்கும் சித்தப்பான்னு எழுதினேன். அனுப்பல, அழிச்சுட்டேன். அனுப்பியிருந்தா அம்மாவுக்குப் போன் போயிருக்கும், வெளிநாட்டுக்குப் போனதும் உன் பொண்ணுக்கு நாக்கு வளந்துடுச்சுன்னு.

ரெண்டாவது ஷூவ எடுத்தப்ப போன் அதிர்ந்துச்சு. குரூப் இல்ல. தனியா.

சித்தி.

காலை வணக்கம் போட்ட ரோஜாப்பூவத் தவிர சித்தி எனக்கு இதுவரைக்கும் ஒன்னும் அனுப்பினதில்ல. இப்ப எழுத்து. நிறுத்தாம ஒரே மூச்சுல.

"பாப்பா பக்கத்து வீட்டு அம்மா கேக்க சொன்னாங்க வலிக்காத கட்டின்னா பரவாயில்லதான குரூப்ல போட்டுடாத"

நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

அப்புறம், எவ்வளவு நாளா இருக்காம்னு மட்டும் கேட்டேன். சித்தப்பா கார் வாங்கின சமயத்துலேர்ந்து இருக்காம்.

வேற எதையும் நான் கேக்கல அக்கா. வலிக்கலைன்னாலும் காட்டணும் சித்தி, அந்த அம்மாவ உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு அனுப்பினேன். ரொம்ப நேரம் எழுதுறாங்க, எழுதுறாங்கன்னே காட்டிச்சு. கடைசில வந்தது ஒரு வரி. அவங்களுக்குத் தனியா போக பயமா இருக்காம்.

அதுக்குக் கீழ ஒரு ரோஜாப்பூ.

இங்க மணி அடிச்சுட்டாங்க, நான் உள்ள போகணும். ரெண்டாவது ஷூவுக்கு இன்னும் லேஸ் கட்டல.

நீ நாளைக்கு லீவு போடு. காலைலயே சித்தி வீட்டுக்குப் போ. மேப்பப் பத்தி சித்தப்பா ஏதாவது ஆரம்பிச்சா சண்டை போடாத, தலைய ஆட்டிடு.

அந்த கேட்டுகிட்டேர்ந்து காரை மட்டும் எடுக்கச் சொல்லு. பக்கத்து வீட்டு அம்மா வெளிய வரணும்.