யாரும் சாப்பிடக் கூடாத ரோல்ஸ்

“மக்களே, இந்தப் பார்க்ல கட்டாயம் சாப்பிட வேண்டிய சாமான் நிறைய இரிக்கு. இந்த மீன் ரோல்ஸ் அதுல இல்ல.”

சொன்னவன் ரஸீன். கண்டியில் எந்தக் கடையில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று யூடியூபில் தீர்ப்பு வழங்குகிறவன். குச்சியில் மாட்டிய போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பாதி கடித்த ரோல்ஸை மறுகையில் கொலை வழக்குச் சாட்சியம் போலத் தூக்கிக் காட்டினான்.

கடையை நோக்கி வந்துகொண்டிருந்த சேதுராமன் நடையை எட்டிப் போட்டார். பல்லேகல மைதானத்தைத் தாண்டி மலைச்சரிவில் இருக்கும் ‘ஜாலி ஹில்’ கேளிக்கைப் பூங்காவில் சாப்பாட்டுக் கடைகளெல்லாம் அவர் பொறுப்பு. ராட்டினத்துக்குப் பின்னால், கழிப்பறை தேடி வருகிறவர்கள் மட்டும் கடந்துபோகும் மூலையில் இருந்தது இந்த ரோல்ஸ் கடை. மாத முடிவில் அதை எடுத்துவிட்டுச் சோளப்பொரி மெஷின் ஒன்றை வைக்கும்படி முதலாளி உத்தரவு போட்டிருந்தார். மெஷினுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டு வாடகை இல்லை, அழவும் தெரியாது என்பது அவர் கண்டுபிடித்த நன்மை. அந்த நல்ல செய்தியைக் கடைக்காரி ஹபீலாவிடம் சொல்லத்தான் சேதுராமன் அன்று வந்திருந்தார்.

ஹபீலா எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிதானமாகத் தலையை நிமிர்த்தினாள். என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள்.

“மீன் ரோல்ஸ்னு எழுதி வச்சிருக்கீங்க. இவ்வளவு நேரம் மகாவலி ஆத்துல தேடியிருந்தா ஒரு மீனாவது மாட்டியிருக்கும்.”

“மீன் மார்க்கட்ல இரிக்கு. பக்கத்துக் கடையில ஆட்டு மூளையும் விக்கிறாங்க. வாங்கிக்கிட்டுப் போங்க, உங்களுக்கு அவசரமாத் தேவப்படுது.”

கழிப்பறைக்கு விரைந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், வந்த வேலையை மறந்து நின்றது. இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். எண்ணெயைப் பற்றி அவன் ஒன்று சொன்னான். அவனுடைய தாடியைப் பற்றி அவள் ஒன்று சொன்னாள். கூட்டம் சிரித்தது.

இது அப்படியே முதலாளியின் போனுக்குப் போனால் தன் கதை என்னவாகும் என்று நினைத்தார் சேதுராமன். ரஸீனின் தோளில் கைபோட்டு, “வாங்க தம்பி, நம்ம பெரிய ரெஸ்டோரண்ட்ல கொஞ்சம் உக்காந்து பேசுவோம்” என்று கோட்டை வடிவில் கட்டிய உணவகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே ரஸீன் கோழிப் புரியாணியும், அதை இறக்கி வைக்க ஃபலூடாவும், ஃபலூடாவுக்குத் துணையாக வட்டிலப்பமும் சாப்பிட்டான். நீதிபதிகளிடம் காசு கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

சாப்பிட்ட பிறகு, பூங்காவில் யாருக்கும் தெரியாத ரகசியங்கள் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தான். சேதுராமன் ஊக்கத்தோடு அழைத்துப்போய்க் காட்டினார். செயற்கை நீர்வீழ்ச்சியின் பாறைக்குள், அதைக் கட்டிய மேசன் விளையாட்டாகச் செதுக்கிய ஆமை. கடற்கொள்ளையர் கப்பலின் பாய்மரமாகப் பதவி உயர்ந்திருந்த பழைய டெலிபோன் கம்பம். பேய் வீட்டு எலும்புக்கூட்டின் கழுத்தில் முதலாளியின் கல்யாண டை. இதையெல்லாம் வீடியோவில் போட்டுவிட்டு ரோல்ஸை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினார். ரஸீன் நெஞ்சில் கைவைத்துச் சம்மதித்தான்.

அந்த வாரமே வீடியோ வந்தது. தலைப்பு, ‘ஜாலி ஹில்லில் யாரும் சாப்பிடக் கூடாத ரோல்ஸ்’. ஆமைக்கும் கப்பலுக்கும் ஆளுக்கொரு நொடி கிடைத்தது. புரியாணி வரவே இல்லை. சண்டை மட்டும் ஒரு சொல் குறையாமல் இருந்தது.

சேதுராமன் வேலை போனதென்றே முடிவு கட்டினார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளையிலிருந்தும் வத்தேகமையிலிருந்தும் வான் வண்டி பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். யாரும் ராட்டினத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு மோசம் என்று அறிய ஒரு ரோல்ஸ் தின்றார்கள். சந்தேகம் தீர இன்னொன்று. வீட்டிலுள்ளவர்களுக்கு நிரூபிக்க ஒரு பார்சல். ரஸீனும் வாராவாரம் வந்து புதிதாக ஏதாவது ஏசினான். ஹபீலாவும் கடன் வைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். வரிசை கப்பல் வரை நீண்டது.

சோளப்பொரி மெஷினை முதலாளி மறந்துபோனார். வாசலுக்குப் பக்கத்திலேயே ஹபீலாவுக்குப் பெரிய கடை கொடுத்தார். அந்த மூலையில் ரோல்ஸ் போட்டால் ஓடும் என்று ஆரம்பத்திலேயே தான் சொன்னதாகவும் எல்லோருக்கும் நினைவூட்டினார்.

எல்லோருக்கும் சந்தோஷம், சேதுராமனைத் தவிர. அவருக்கு மனச்சாட்சி என்ற வேண்டாத பொருள் ஒன்று இருந்தது. பிழைக்க வந்த ஒரு பெண்ணை, யாரோ ஒருவன் வாராவாரம் ஊர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துகிறான். அதைப் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறோமே என்று அது உறுத்தியது. ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் ஹபீலாவிடம் போனார்.

“தங்கச்சி, இவ்வளவு நாளும் பொறுமையா இருந்துட்டீங்க. இனிப் பயப்படாதீங்க. அந்த ரஸீன உள்ள விடக் கூடாதுன்னு நாளைக்கே வாசல்ல சொல்லிடுறேன்.”

நன்றியில் கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்தார். ஹபீலா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தாள்.

“அப்படிச் செஞ்சிராதீங்க சேர், வாசல்ல மறிச்சா எங்கட வீட்டுக்காரருக்கு ரோசம் வந்திரும். அவர் கோவிச்சிக்கிட்டுப் படுத்துட்டா, விடியக்காலம எழும்பி இந்த ரோல்ஸ் எல்லாத்தையும் சுத்துறது ஆரு?”