பெத்தணன் நடக்கப் போனார்

"வலது ஓரமாவே நடங்க. எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியும்," என்று சொல்லித்தான் செல்லத்தாய் புருசனை அனுப்பிவைத்தாள். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லி அன்றுதான் முதல் நாள். ஆமத்தூர் சாலையில் பெத்தணன் மனைவி சொல்லைத் தட்டாமல் ஓரமாகவே நடந்தார்.

வளைவில் வந்த லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனை அலறவிட்டு, அவரை உரசுவதுபோலப் போனது. பெத்தணன் பதறிப்போய்க் கருவேலம் புதருக்குள் பாய்ந்தார். வேட்டி கிழிந்தது.

"ஏலே, நிப்பாட்டுலே. மனுசன் நடக்கிறது தெரியலையா?"

லாரி சற்றுத் தள்ளி ஓரமாக நின்றது. ஓட்டி வந்த விக்னேஷ்குமார் இறங்கி ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, நீங்களா? அடிகிடி பட்டுருச்சா?"

"எவம்லே ஒனக்கு இப்படி ஓட்டச் சொல்லிக் குடுத்தான்?"

விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "நீங்கதான் அண்ணாச்சி. உங்க லாரியில நான் கிளீனரா இருந்தப்ப, 'ஹாரனை அடி, நடக்கிறவன் தானா ஒதுங்குவான்'னு சொல்லுவீகளே."

பெத்தணன் வேட்டியில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாதிப் பாடந்தாம்லே நடத்தியிருக்கேன். சாவியைக் குடு. நீ முன்னால நட. நான் லாரியை எடுத்துக்கிட்டு, ஹாரன் அடிச்சுக்கிட்டே பின்னால வாரேன்."