கசகசாப் பூ

"அக்கா, உங்களை யாரு இந்தப் பூவை வரையச் சொன்னது?"

கேஷியர் போட்ட சத்தத்தில் டைப்பிஸ்ட் ஓடி வந்தாள்.

மேஜைமேல் வெள்ளைப் பீங்கான் ஜாடி. சுற்றிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பூக்கள். இன்று ஓய்வு பெறும் மேனேஜருக்கு ஆபீஸ் சார்பில் பரிசு. பீங்கான் ஓவியம் கற்றுக்கொண்டிருக்கும் ஸ்டோர்ஸ் அக்காதான் வரைந்திருந்தார்.

"அழகாத்தானே இருக்கு?" என்றாள் டைப்பிஸ்ட்.

"இது பாப்பிம்மா. கசகசாச் செடியோட பூ. ஓவியத்துல ஒவ்வொரு பூவுக்கும் ஒரு அர்த்தம் உண்டாம். லில்லின்னா தூய்மை, ரோஜான்னா காதல், பாப்பின்னா..." கேஷியர் செல்போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "தூக்கம்!"

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதியம் நாற்காலியில் சாய்ந்தால் மேனேஜருக்கு உலகமே தெரியாது. ஆபீஸில் அவருக்குக் 'குறட்டை' என்றுதான் பெயர்.

"நம்ம மூணு பேரோட பிரமோஷன் ஃபைலும் அவர் மேஜையில கிடக்கு. கையெழுத்துப் போடற நேரத்துல கிண்டலா? அழிச்சிடுங்கக்கா!"

"சூளையில சுட்டாச்சுப்பா. இனிமே ஜாடி உடைஞ்சாத்தான் பூ போகும்."

கேஷியர் ஜாடியை ஒரு நிமிஷம் ஆசையாய்ப் பார்த்தார்.

"செம்பருத்தின்னு சொல்லிடலாமே" என்றாள் டைப்பிஸ்ட்.

"செம்பருத்திக்கு என்ன அர்த்தம்?"

"முடி நல்லா வளரும்."

"அவருக்கு வழுக்கைம்மா!"

மாலையில் வழியனுப்பு விழா. "நம்ம குறட்... கௌரவம் மிக்க மேனேஜருக்கு" என்று தடுமாறி, ஜாடியை நீட்டினார் கேஷியர். "செம்பருத்தி சார்."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பாப்பியாச்சே! தூக்கத்துக்கு உண்டான பூ. யார் வரைஞ்சது?"

கேஷியரின் விரல் சட்டென்று அக்காவைக் காட்டியது. டைப்பிஸ்ட்டின் விரலும்தான்.

அக்கா எழுந்தார்.

"நான்தான் சார். இனிமேலாவது நீங்க நிம்மதியாத் தூங்கணும்னு வரைஞ்சேன். நாற்காலியில கண்ணு மூடியிருந்தாலும் உங்க கால் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கும். தொட்டில் ஆட்டுற கால் சார் அது. நானும் பிள்ளை வளத்தவதானே."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரித்தார்.

"பொண்ணு நர்ஸ். நைட் டியூட்டி. பேரனுங்க ரெட்டை. ஒருத்தன் தூங்கினா இன்னொருத்தன் முழிச்சுக்குவான். என் வீட்டுக்காரியும் இல்லை, நான்தான் ஆட்டணும். தூக்கத்தைப் பத்தி நான் தேடிப் படிக்காததே இல்லை. அதான் பூவைப் பார்த்ததும் தெரிஞ்சது."

ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"இத்தனை பேரும் நான் தூங்கினதைத்தான் பார்த்தீங்க. தூங்காததைப் பார்த்தது இந்தம்மா ஒருத்தர்தான்."