பாக்கெட் வியர்வை

டிஷ்யூ பேப்பரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார் கோச். அதன் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு.

"எண்ணெய்" என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில். "பார்த்துக்குங்க எல்லாரும். வாயில வெச்சப்பவே நினைச்சேன். இவ்வளவு ருசியா இருந்தா உள்ள ஏதோ விஷயம் இருக்குன்னு."

சாப்பாட்டு டப்பாவுக்குச் சொந்தக்காரி, சலவைக்கடை நடத்துகிறவள். அவள் முகம் செத்துப்போனது.

"ஒரு சொட்டு ஊத்தலை சார். வேகவெச்ச உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகு, எலுமிச்சை. மசிச்சு ரொட்டிக்குள்ள வெச்சேன். பத்து நிமிஷ வேலை."

"பேப்பர் பொய் சொல்லாதும்மா."

பூங்கா ஓட்டக்குழுவில் ஞாயிறுதோறும் இந்தக் கூத்து உண்டு. இருபது கிலோமீட்டர் ஓடி, நாக்குத் தள்ள வந்து உட்கார்ந்தால், ஆளாளுக்கு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். கோச் ஒரு விள்ளலை வாயில் போடுவார், இன்னொரு விள்ளலை டிஷ்யூவில் வைத்து அமுக்குவார். மாவுச்சத்து மலையாக இருக்கணும், கொழுப்பு கடுகளவும் ஆகாது, சட்டென்று செய்யணும், ருசியாகவும் இருக்கணும் என்பது அவர் சட்டம். கடைசி விதியை யாராவது நிறைவேற்றிவிட்டால் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்தில் குழுவுக்கு ஐந்தே இடம். நாலு முடிவாகிவிட்டது. ஐந்தாவது இடம் அவளுக்கா, இன்சூரன்ஸ்காரருக்கா என்பதுதான் பாக்கி. எட்டு மாதமாக, கடை திறக்குமுன் எழுந்து ஓடிப் பழகியிருந்தாள். அவரைவிடப் பதினோரு நிமிடம் முன்னால் முடிக்கிறாள். நாளெல்லாம் நின்றே வேலை செய்யும் கால்கள் ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அவளுக்கு அப்படியொரு ஆசை.

"நாக்கை அடக்க முடியாதவங்க நாற்பத்திரண்டு கிலோமீட்டர் எப்படி ஓடறது? இடம் இன்சூரன்ஸ் சாருக்குத்தான். அடுத்த ஞாயிறு பட்டியலை அனுப்பிடறேன்" என்றார் கோச்.

இன்சூரன்ஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த காய்ந்த ரொட்டி பாதித் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

அவள் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கறைகளோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். கிழங்கு அமுங்கிய நடுப்பகுதியில் வெறும் ஈரம், அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெய்ப் பொட்டு இருந்தது கோச்சின் கட்டைவிரல் பிடித்திருந்த ஓரத்தில்.

இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை கோச் கடைக்கு வந்தார். கையில் குழுவின் வெள்ளை ஜாக்கெட். நேற்று நடந்த எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"வழக்கம்போலத்தாம்மா. ஞாயித்துக்கிழமை பளிச்சுனு இருக்கணும். போட்டோ எடுக்கறாங்க."

"என்ன கறை சார்?"

யார் துணி கொண்டுவந்தாலும் அவள் கேட்கிற கேள்விதான். கறையைப் பொறுத்துத்தான் மருந்து.

"வேற என்ன, உழைக்கிறவன் வியர்வை" என்றார் அவர்.

அவள் சீட்டில் 'வியர்வை' என்று எழுதி, அடிச்சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுத்தாள்.

அவர் தலை மறைந்ததும், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் ஜாக்கெட்டின் வலது பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினான். வெண்ணெய் பிஸ்கட் தூள் மேஜையெல்லாம் கொட்டியது.

"ரெண்டு வருஷமா இதே வியர்வை. பூங்காவுக்குப் பின்னாடி பேக்கரியில சுடச்சுட வியர்க்குது போல. நீயும் சீட்டுல வியர்வைன்னு எழுதிட்டு, வெண்ணெய்க்கு உண்டான பவுடரும் வெந்நீரும் போட்டு அவர் மானத்தைக் காப்பாத்திட்டு வர்ற."

"வெட்கப்பட்டுக்கிட்டு ஒரு மனுஷன் பொய் சொல்றார். நாம எதுக்குக் காட்டிக்கொடுக்கணும்னு இருந்தேன்."

"இந்த வாரமுமா?"

அவள் சீட்டை இன்னொரு தடவை படித்தாள். பிறகு பவுடர் டப்பாவைத் தொடாமல், பச்சைத்தண்ணீரையும் வினிகரையும் எடுத்தாள். வியர்வைக்கு அதுதான் மருந்து. வெண்ணெய்க் கறையை அதில் அலசி மேலே சூடு காட்டினால், கறை துணியோடு துணியாக இறுகிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது.

இஸ்திரிப் பெட்டியை அன்று அவளே காயவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும், அவள் புருஷன் கொண்டுவந்து கொடுத்த சலவை உறையை எல்லார் முன்னாலும் பிரித்தார் கோச். ஜாக்கெட்டை உதறி மாட்டிக்கொண்டு, பட்டியலைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்குச் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வலது பாக்கெட் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. எண்ணெய்க் கறை எப்படி இருக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரெண்டு வருஷமாக டிஷ்யூவைத் தூக்கித் தூக்கிக் காட்டி அவரேதான் எல்லாரையும் பழக்கியிருந்தார்.

இன்சூரன்ஸ்காரர் எழுந்து வந்து பட்டியலை வாங்கினார். பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தார், அவள் பெயரை எழுதினார்.

"காஞ்ச ரொட்டியையே முழுங்க முடியலை சார். பதினோரு நிமிஷம் முன்னாடி ஓடறவங்க இடத்தை எப்படி முழுங்கறது?"

அப்போதுதான் கோச் எல்லார் கண்ணும் போன இடத்தைக் குனிந்து பார்த்தார். முகம் சிவந்து அவளிடம் திரும்பினார்.

"என்னம்மா சலவை இது? கறை அப்படியே இருக்கு?"

அவள் சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க சொன்ன வியர்வை சுத்தமா போயிடுச்சு சார். மிச்சம் இருக்கறது நீங்க சொல்லாதது."